பவளம் வெளுப்பது: பாசியை மாற்றிக்கொண்டால் தப்பிக்குமா? வேலூரிலேயே சோதிக்க முடியுமா?

#1 கோட்டை அகழி

வணக்கம். எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் தலைப்பு, கடல் சூடாவதும் பவளத்துக்குள் குடியிருக்கும் பாசியும். மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று: 30 டிகிரி கடல் 31 ஆனாலே பவளம் வெளுத்துவிடும் என்கிறார்கள். மே மாதத்தில் நம்ம ஊர் 42-ஐத் தொடுகிறது. ஒரு டிகிரிக்கு ஏன் இந்த ஆர்ப்பாட்டம்?

இரண்டு: வெளுத்த பவளம் சூடு தாங்கும் வேறு பாசியைச் சேர்த்துக்கொள்ளும் என்று படித்தேன். அப்படியென்றால் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடுமே?

மூன்று: கடற்கரை இங்கிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல். கல்லூரி ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப், சென்ட்ரிஃப்யூஜ், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கிறது. ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் முடிகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?

#2 காட்பாடி ஜங்ஷன்

மன்னன் இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு நம்ம ஊருக்குப் பேரு. இப்போ கடல் இல்லாத பவளமும் சேந்துச்சு. இன்னாதான் சொல்றாங்கன்னு பாக்க நானும் உக்காந்துட்டேன்.

#3 பாசிப்பிரியன்

முதல் கேள்விக்கு.

நமக்கு 42 வந்தாலும் விடியற்காலையில் இறங்கிவிடும். வேப்பமரம் இலைத்துளையைத் திறந்து நீராவியை விட்டுக் குளிர்ந்துகொள்ளும். பவளத்துக்கு அந்த வசதி கிடையாது. சுற்றியிருக்கும் தண்ணீர் என்ன சூடோ அதுவேதான் அதன் உடம்பின் சூடும், ராத்திரி பகல் எல்லாம். அதோடு, ஒவ்வொரு ஊர்ப் பவளமும் அந்த ஊர்க் கோடையின் உச்சத்துக்கு மிக ஒட்டியே வாழ்கிறது. அதனால் 31 என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் இல்லை. அந்த இடத்தின் வழக்கமான உச்சத்தை எவ்வளவு தாண்டியது, எத்தனை நாள் அப்படியே நின்றது என்பதுதான் கணக்கு.

உள்ளே நடப்பது இது. பாலிப் என்கிற குட்டிப் பவள உயிரின் உள் அடுக்குச் செல்களுக்குள், ஒவ்வொன்றும் ஒரு சவ்வுப் பைக்குள், பாசி உட்கார்ந்திருக்கிறது. ஒரு செல்லின் விட்டம் 10 மைக்ரான் அளவு. நல்ல நிலையில் ஒரு சதுர சென்டிமீட்டர் பவளத்தில் 10 முதல் 20 லட்சம் வரை இருக்கும். பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை இவை செய்து தரும் சர்க்கரை, கொழுப்பிலிருந்து வரும்.

இந்தப் பாசியில் வெளிச்சத்தைப் பிடிக்கும் ஒளித்தொகுதி 2 என்ற பகுதியில் டி1 என்று ஒரு புரதம். வெளிச்சம் பட்டால் அது உடைந்துகொண்டேதான் இருக்கும், பாசி புதிது செய்து மாட்டிக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் மாட்டும் வேலை சுணங்குகிறது, உடைவது நிற்பதில்லை. சர்வீஸ் ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி ஓடுவது நிற்காது, பள்ளம் அடைக்கிற ஆள் மட்டும் வரமாட்டார். போக வழியில்லாத எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் மேல் ஏறி சூப்பராக்சைடு ஆகின்றன, அது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிறது. பெராக்சைடு சவ்வைத் தாண்டிப் பவளத்தின் செல்லுக்குள் கசியும். அதற்குப் பிறகு பாசி வெளியே தள்ளப்படலாம், உள்ளேயே செரிக்கப்படலாம், அல்லது பாசியைச் சுமந்த செல்லே கழன்று போகலாம். பாசி போனதும் கண்ணாடி போன்ற சதை வழியாக அடியிலிருக்கும் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. வெள்ளை என்று நாம் பார்ப்பது அதைத்தான்.

#4 காட்பாடி ஜங்ஷன்

அதாவது வாடகைக்கு இருந்தவன் அடுப்பைப் பத்தவெச்சு வீட்டுக்குள்ள புகை போட்டான், ஹவுஸ் ஓனர் வெரட்டிட்டாரு. கரெக்டா?

#5 பாசிப்பிரியன்

பாதி சரி. துரத்துவதற்கு முன்பே குடித்தனம் கெட்டுப்போகிறது, அது அந்தக் கதையில் வரவில்லை.

சூடு ஏறினால் பவளத்தின் சொந்தச் செலவு கூடும். கையிருப்புக் கொழுப்பு தீர்ந்தபின் தன் புரதத்தையே எரிக்கும். அப்போது அம்மோனியம் வெளியேறும். பாசிக்கு அது உரம். நைட்ரஜன் தட்டுப்பாடு இருக்கும் வரைதான் பாசி தான் செய்த சர்க்கரையை வீட்டுக்காரருக்குத் தரும். உரம் தாராளமாகக் கிடைத்தால் அந்தச் சர்க்கரையை வைத்துத் தானே பெருகும். ஆக, வெளிப்பார்வைக்குப் பவளம் பழுப்பாக, நன்றாகவே இருக்கும்போது வாடகை வருவது நின்றுவிட்டிருக்கும். வெளுப்பது கடைசியில் தெரிகிற அடையாளம்.

கரையோரக் கழிவுநீர் ஏன் கெடுதல் என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது. நைட்ரேட் கூடி பாஸ்பேட் கூடாமல் இருந்தால் பாசியின் சவ்வு அமைப்பே மாறி, குறைந்த சூட்டிலேயே வெளுக்கும். மீன்தொட்டிக்காரர்கள் பாஸ்பேட்டைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்துவிட்டு நைட்ரேட்டை அப்படியே விடுவதும் இதே தப்புதான்.

#6 பாம்பன் காற்று

எத்தனை நாள் நின்றது என்ற கணக்கை எண்ணிலேயே போட்டுவிடுகிறேன். அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா பயன்படுத்துவது டிகிரி-வாரம்.

முதலில் அந்த இடத்தில் வருஷத்தின் மிகச் சூடான மாதத்தின் நீண்டகாலச் சராசரி. உதாரணத்துக்கு 29.5 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் 1 டிகிரியோ அதைவிடக் கூடுதலோ இருந்தால்தான் கணக்கில் சேரும். சேர்ந்தால் முழு உபரியும் சேரும்.

வாரம் 1: 30.0. உபரி 0.5, சேராது.
வாரம் 2: 30.6. உபரி 1.1.
வாரம் 3: 31.0. உபரி 1.5.
வாரம் 4: 31.2. உபரி 1.7.
வாரம் 5: 30.9. உபரி 1.4.
வாரம் 6: 30.3. உபரி 0.8, சேராது.

மொத்தம் 5.7 டிகிரி-வாரம். 4-ஐத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியும்படி வெளுக்கும். 8-ஐத் தாண்டினால் பரவலான வெளுப்போடு சாவும் தொடங்கும். கூட்டுவது கடைசி 12 வாரத்துக்கு மட்டும். அசல் முறையில் நாள்வாரியாகக் கூட்டி 7-ஆல் வகுப்பார்கள். 2023-24-இல் பழைய அபாய அளவுகள் போதாமல் மேலே மூன்று நிலை சேர்த்தார்கள், கடைசி நிலை 20-க்கு மேல். நான்காவது உலகளாவிய வெளுப்பு என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2023 ஜனவரியிலிருந்து 2025 மார்ச் வரை உலகப் பவளப்பரப்பில் சுமார் 84 சதவீதம் வெளுக்கும் அளவு சூட்டைச் சந்தித்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் பார்ப்பது கடல் மேற்பரப்பை, 5 கிலோமீட்டர் கட்டமாக. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளைச் சுற்றி இருப்பவை ஆழம் குறைந்த திட்டுகள். காற்று விழுந்து தண்ணீர் தேங்கிய நாளில் அங்கே நிஜச் சூடு வேறாக இருக்கும். அந்தப் பக்கம் வெளுப்பு வருவது ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள், தென்மேற்குக் காற்று பலமாகப் பிடித்ததும் தணியும். 2010, 2016 இரண்டும் கடுமையான வருஷங்கள். கிளைகிளையாக வளரும் அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா வகைகள் முதலில் அடிபடும். பாறாங்கல் மாதிரி உருண்டிருக்கும் போரைட்டிஸ் வெளுத்தாலும் பெரும்பாலும் மீண்டுவிடும், சதை தடிமன் அதற்கு.

#7 வாலாஜா டீச்சர்

இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே, நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். பழைய பாடப்புத்தகத்தில் இந்தப் பாசிக்குச் சூசாந்தெல்லா என்று ஒரே பெயர், பிறகு ஏ, பி, சி என்று கிளைப் பெயர். 2018-இல் சிம்பயோடினியேசி குடும்பத்தைத் திருத்தி அந்தக் கிளைகளைத் தனித்தனிப் பேரினம் ஆக்கினார்கள். பழைய சி கிளை இப்போது கிளேடோகோப்பியம், டி கிளை டுருஸ்டினியம், பி கிளை பிரெவியோலம், ஏ மட்டும் சிம்பயோடினியம் என்ற பெயரை வைத்துக்கொண்டது. ப்ராஜெக்ட்டில் பழசையும் புதுசையும் கலந்து எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

சூடு தாங்குவதில் பேர்போனது டுருஸ்டினியம். அக்ரோபோரா மில்லெபோரா என்ற பவளத்தில் உள்ளே இருக்கும் பாசி கிளேடோகோப்பியத்திலிருந்து டுருஸ்டினியத்துக்கு மாறினால் தாங்கும் திறன் 1 முதல் 1.5 டிகிரி கூடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2006-இல் வந்தது. அவ்வளவுதான் லாபம், அதற்கு மேல் கிடையாது. 2004-இல் வந்த இன்னொரு ஆய்வில், கிளேடோகோப்பியம் வைத்திருந்த இளம் பவளங்கள் டுருஸ்டினியம் வைத்திருந்தவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாக வளர்ந்தன. சூட்டைத் தாங்குகிற பாசி சர்க்கரையைக் குறைவாகத் தருகிறது. வளர்ச்சி குறைந்தால் முட்டைக்குச் செலவிடவும் கையில் இருக்காது. சிரமத்துக்கு வாங்கிய கடன் இது, வட்டி மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். சூடு தணிந்து சில வருஷம் ஆனதும் பல பவளங்கள் பழைய பாசிக்கே திரும்பிவிடுகின்றன.

இன்னொன்று, "வேறு பாசியைச் சேர்த்துக்கொள்ளும்" என்ற வாக்கியத்தில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. வெளியிலிருந்து புதுசாக ஒன்று நுழைவது ஒரு ரகம். ஏற்கெனவே ஒரு சதவீதத்துக்கும் கீழே ஒளிந்திருந்தது இடம் காலியானதும் பெருகுவது இன்னொரு ரகம். வளர்ந்த பவளத்தில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். அந்த ஒரு சதவீதத்தைக் கண்டுபிடிக்க டி.என்.ஏ.வை அளக்கும் கியூ.பி.சி.ஆர். வேண்டும், மைக்ராஸ்கோப்பில் எல்லாமே பழுப்பு உருண்டையாகத்தான் தெரியும்.

எல்லாப் பவளமும் மாற்றிக்கொள்ளாது. மான்டிபோரா, போசிலோபோரா, போரைட்டிஸ் எல்லாம் முட்டையிலேயே பாசியை வைத்து அனுப்பும், பரம்பரைச் சொத்து மாதிரி. அக்ரோபோரா முட்டையில் பாசி இருக்காது, குஞ்சு தண்ணீரிலிருந்து தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் பாசி மாற்றும் பரிசோதனைகள் அக்ரோபோரா குஞ்சுகளில் அதிகம் நடக்கின்றன.

#8 காட்பாடி ஜங்ஷன்

டீச்சர், பாரசீக வளைகுடாவுல 35 டிகிரியில பவளம் உயிரோட கீதே. அந்தப் பாசியக் கொண்டாந்து இங்க உட்டா ஆவாதா?

#9 பாசிப்பிரியன்

நல்ல கேள்வி. அங்கே கோடையில் 34-36 டிகிரி வரும், உப்பும் அதிகம். அங்குள்ள பவளங்களில் முக்கியமாக இருப்பது டுருஸ்டினியம் அல்ல, கிளேடோகோப்பியம் தெர்மோஃபிலம் என்ற வகை. 2015-இல்தான் பெயர் வைத்தார்கள். அங்கே பவளமும் பாசியும் சேர்ந்தே பல தலைமுறை வடிகட்டப்பட்டவை. ஒன்றை மட்டும் பிடுங்கி வேறு வீட்டில் வைத்தால் அதே பலன் வரும் என்று சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் சூட்டுக்குப் பழக்கிய பாசியும் இதையேதான் காட்டியது. ஆஸ்திரேலியாவில் ஒரு கிளேடோகோப்பியத்தை நாலு வருஷம் 31 டிகிரியில் வளர்த்தார்கள். கிடைத்த 10 ரகங்களும் குடுவையில் சூட்டைத் தாங்கின. பவளக் குஞ்சுக்குள் போன பிறகும் வெளுப்பைக் குறைத்தது 3 ரகம்தான். 2020-இல் வெளியானது. பாசி மட்டும் உறுதியாக இருந்தால் போதாது, வீட்டுக்காரரோடு ஒத்துப்போகவும் வேண்டும்.

#10 உப்புத்தொட்டி

மூன்றாவது கேள்வி என் ஏரியா. முதலில் செய்யக்கூடாதது: பவளம் தேடாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-இல் இருக்கின்றன, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. உயிரோடு இருந்தாலும் எலும்பாக இருந்தாலும் அனுமதியில்லாமல் கையில் வைத்திருப்பது குற்றம். "வளர்ப்புப் பவளம்தான், பில் தருகிறேன்" என்று சொல்லும் கடைக்காரரை நம்பி ப்ராஜெக்ட் தொடங்க வேண்டாம்.

அதற்குப் பதில் ஐப்டேசியா. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் யாரிடம் கேட்டாலும் சும்மாவே தருவார்கள், ஏனென்றால் அது அவர்களுக்குக் களை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் கடல் சாமந்தி, பழுப்பு நிறம், தொட்டால் சுருங்கும். பவளம் மாதிரியே உள் அடுக்குச் செல்லில் பாசி வைத்திருக்கிறது. உலகம் முழுக்க ஆய்வகங்களில் பவளத்துக்கு மாற்றாக இதைத்தான் வளர்க்கிறார்கள். பாதத்தின் ஓரத்தில் துண்டு கிள்ளிப்போட்டுத் தானே பெருகும். அதனால் ஒன்றிலிருந்து வந்த எல்லாமே ஒரே மரபணு, அதுவும் வசதிதான்.

தண்ணீர். இதில்தான் நம்ம ஊரில் ஆட்டம் காலி ஆகும். போர் தண்ணீரைக் கிட்டே சேர்க்க வேண்டாம். பாலாற்றுப் படுகையில் பல இடத்தில் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டும். வீட்டு ஆர்.ஓ.வில் ருசிக்காகப் பழைய தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருக்கும், அதை முழுசாக மூடிவிட்டு மெம்பரேனிலிருந்து நேராக வருவதைப் பிடியுங்கள். பித்தளைக் குழாய் வழியாக வரக்கூடாது, செம்பு ஒரு துளி கரைந்தாலும் சாமந்திக்கு விஷம். லிட்டருக்கு 36-38 கிராம் மீன்தொட்டிக் கடலுப்பு. கடையில் விற்கும் கல் உப்பு உதவாது, அதில் கால்சியமும் மெக்னீசியமும் தேவையான அளவு இல்லை. கலக்கி ஒரு நாள் காற்று விட்டு வைத்துவிட்டு அளந்தால் ஆயிரத்துக்கு 35 வர வேண்டும்.

உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் மட்டும் போதாது, மேலே தப்பாகக் காட்டும். சுத்தமான சோடியம் குளோரைடு 36.5 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீர் 963.5 கிராம். இந்தக் கரைசல் சரியாக 35 காட்ட வேண்டும். ஆய்வகத்தில் பத்து நிமிஷ வேலை.

தீனி, வாரம் இரண்டு முறை புதிதாகப் பொரித்த ஆர்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால். போட்ட நாலைந்து மணி நேரத்தில் தண்ணீரை மாற்றிவிடுங்கள். வெளிச்சம் 12 மணி நேரம், 26 டிகிரி.

#11 கோட்டை அகழி

மிக்க நன்றி அண்ணா. இப்படி யோசித்திருக்கிறேன்: இரண்டு தொட்டி. ஒன்று 26 டிகிரி, ஒன்று 32. ஒவ்வொன்றிலும் 20 சாமந்தி. ரெண்டு வாரம் கழித்துப் பாசியை எண்ணி டி-டெஸ்ட். சரியா?

#12 வாலாஜா டீச்சர்

இல்லை தம்பி. 20 சாமந்தி இருந்தாலும் தொட்டி ஒன்றுதான். அந்தத் தொட்டியில் உப்பு கூடினாலோ கிருமி வந்தாலோ 20-க்கும் சேர்ந்துதான் வரும். உங்கள் மாதிரி எண்ணிக்கை 20 இல்லை, ஒன்று. ஒன்றுக்கு ஒன்று டி-டெஸ்ட் போட முடியாது.

ஆறு பிளாஸ்டிக் டப் வாங்குங்கள், 20 லிட்டர் போதும். மூன்று 26-இல், மூன்று 32-இல். டப்பில் சாதாரணத் தண்ணீர். அதற்குள் இரண்டு கண்ணாடி ஜாடி, ஒவ்வொன்றிலும் ஒன்றரை லிட்டர் கடல்நீர், நாலு சாமந்தி. ஒரு ஜாடிக்கு முழு வெளிச்சம், இன்னொன்றின் மேல் நர்சரியில் கிடைக்கும் 75 சதவீத நிழல்வலை. ஆக 12 ஜாடி, 48 சாமந்தி. நாலு முறை எண்ணலாம், ஒவ்வொரு முறையும் ஜாடிக்கு ஒன்று எடுக்கலாம். கணக்குப் போடும்போது சூட்டின் விளைவுக்கு டப்தான் அலகு, வெளிச்சத்தின் விளைவுக்கு டப்புக்குள் இருக்கும் ஜாடி. ஸ்பிளிட் பிளாட் என்று உங்கள் வேளாண்மை நண்பர்கள் சொல்வதுதான் இது.

எந்த டப் எங்கே என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். சூட்டு டப் மூன்றும் ஜன்னல் பக்கம், மற்ற மூன்றும் பீரோ பக்கம் என்று வைத்தால் முதல் கேள்வியிலேயே வைவா முடிந்துவிடும்.

#13 உப்புத்தொட்டி

டீச்சர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் தொடங்குவது உங்கள் அதிர்ஷ்டம். அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊரில் சூட்டு டப் இலவசம், 26-இல் நிற்க வேண்டிய டப்புக்குத்தான் சில்லர் வாங்கிக் காசு அழ வேண்டும். ஜனவரியில் அறை பெரும்பாலும் 26-ஐ ஒட்டியோ கீழேயோ இருக்கும், ஆறு டப்புக்கும் ஹீட்டர் மட்டும் போதும். வெயில் ஏற ஏற மதியம் 26-ஐத் தாண்டிவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

ஹீட்டர் 100 வாட். இவை கெட்டால் பெரும்பாலும் அணையாமல்தான் கெடும், காலையில் வந்து பார்த்தால் சூப். அதனால் வெளியே தனித் தெர்மோஸ்டாட் கன்ட்ரோலர், அதில் 32. ஹீட்டரின் சொந்தத் திருகை 33-இல் வையுங்கள். ஒன்று மாட்டிக்கொண்டால் இன்னொன்று நிறுத்தும். டப்புக்குள் சின்ன மோட்டார் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே 33, கீழே 30.

தெர்மாமீட்டர் ஆறும் ஒரே மாதிரிக் காட்டாது. உடைத்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்து எது எவ்வளவு தப்பு என்று எழுதி ஒட்டுங்கள். அங்கே ஒரு டிகிரிக்கு அவ்வளவு பேசிவிட்டு இங்கே ஒரு டிகிரி தப்பாக அளந்தால் எப்படி?

32 ஜாடியில் ஆவி அதிகம் போகும். ஜாடியில் பேனாவால் கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், பிறகு வெளுத்தது சூட்டாலா உப்பாலா என்று யாருக்கும் தெரியாது.

26-லிருந்து 32-க்கு ஒரே நாளில் தூக்காதீர்கள், நாளுக்கு 1 டிகிரி. ஆறு நாள் ஏற்றம், அதன்பின் 12 நாள் நிறுத்தம்.

#14 காட்பாடி ஜங்ஷன்

சூடுதான கேள்வி? நிழல்வலை எதுக்கு இடையில?

#15 பாசிப்பிரியன்

வெளுப்பு சூட்டால் மட்டும் வருவதில்லை, சூடும் வெளிச்சமும் சேர்ந்து வருவது. #3-இல் சொன்ன டி1 உடைவதே வெளிச்சத்தால்தான். கடலில் ஒரு பவளத்தைப் பார்த்தால் இது தெரியும்: சூரியனைப் பார்த்த மேல்பக்கம் முதலில் வெள்ளை, நிழல் விழும் அடிப்பக்கம் கடைசிவரை பழுப்பு. ஒரே பவளம், ஒரே தண்ணீர், ஒரே சூடு. நிழல்வலை ஜாடியில் 32 டிகிரியிலும் பாசி அதிகம் தங்கினால் அந்தப் படம்தான் உங்கள் ப்ராஜெக்ட்டின் நல்ல பக்கம்.

வேறு இடத்தில், பாசியின் ஒளிச்சேர்க்கைத் திறனை அளக்கும் பேம் ஃப்ளோரோமீட்டர் கடன் கிடைத்தால் விடாதீர்கள். 20-30 நிமிஷம் இருட்டில் வைத்துவிட்டு அளக்க வேண்டும். நல்ல நிலையில் 0.6-ஐ ஒட்டி வரும். எண்ணிக்கை குறைவதற்கு முன்பே இது விழத் தொடங்கும். களத்தில் செய்யும் 18 மணி நேரச் சோதனையும் இதை வைத்துத்தான்: 3 மணி நேரம் ஏற்றி, 3 மணி நேரம் நிறுத்தி, 1 மணி நேரத்தில் இறக்கி, 11 மணி நேரம் ஓய்வு. அந்த ஊர்க் கோடை உச்சம், அதற்கு மேல் 3, 6, 9 டிகிரி என நாலு தொட்டி. கருவி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம், எண்ணுவதே போதும்.

#16 கோட்டை அகழி

எண்ணும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? எங்கள் ஆய்வகத்தில் செல் எண்ணும் நியூபாவர் ஸ்லைடு இருக்கிறது.

#17 பாசிப்பிரியன்

எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு தீனியை நிறுத்துங்கள். வயிற்றில் ஆர்டீமியா இருந்தால் அதன் புரதமும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும்.

சாமந்தியை வடிகட்டிய கடல்நீரில் அலசி 1.5 மி.லி. குழாயில் போட்டு, அரை மி.லி. தண்ணீர் விட்டு, பிளாஸ்டிக் குழவியால் நசுக்குங்கள். பிறகு 25 எண் ஊசி வழியாகப் பத்து முறை இழுத்து விடுங்கள். கோழை மாதிரி நூல் வந்தால் இன்னும் உடையவில்லை என்று அர்த்தம். அரை மி.லி. மேலும் சேர்த்து ஒரு மி.லி. ஆக்கி, 1,000 ஜி-யில் 5 நிமிஷம் சுற்றுங்கள். சென்ட்ரிஃப்யூஜில் ஆர்.பி.எம். மட்டும் போட்டிருந்தால், 8 செ.மீ. ஆரத்துக்கு அது சுமார் 3,340. கீழே பழுப்பு வண்டல் பாசி, மேலே தெளிந்தது சாமந்தியின் புரதம். மேலதை வேறு குழாய்க்கு மாற்றி உறையவையுங்கள், அதில் பிராட்ஃபோர்ட் அல்லது லோரி முறையில் புரதத்தை அளக்கலாம். வண்டலை இன்னொரு முறை அலசி ஒரு மி.லி.யில் கலக்குங்கள்.

நியூபாவரில் நாலு மூலைப் பெரிய சதுரம், சராசரி எடுத்து 10,000-ஆல் பெருக்கினால் ஒரு மி.லி.க்கு எத்தனை என்று வரும். உதாரணத்துக்கு 10 மடங்கு நீர்த்து, சராசரி 46 வந்தால், 46 × 10 × 10,000 = 46 லட்சம். அந்தச் சாமந்தியின் புரதம் 0.6 மி.கி. என்றால் மி.கிராமுக்குச் சுமார் 77 லட்சம். சாமந்திக்குச் சாமந்தி அளவு மாறுவதால் புரதத்தால் வகுக்காமல் ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஆறு முறையாவது புதிதாக ஏற்றி எண்ணுங்கள். குழாயை ஆட்டாமல் மேலிருந்து உறிஞ்சினால் பாதிதான் வரும், பாசி வேகமாக அடியில் உட்கார்ந்துவிடும்.

இரட்டையாக ஒட்டி இருப்பவை பிரிந்துகொண்டிருக்கும் செல்கள், அவற்றை ஒன்றாக எண்ணித் தனிக் கட்டத்தில் குறியுங்கள். நிறம் மங்கிச் சுருங்கிய பழுப்புக் கட்டிகள் செத்த பாசி, அவை வேண்டாம்.

குளோரோபில்லும் பார்க்கலாம். வண்டலில் சுத்த அசிட்டோன், ஃப்ரிட்ஜில் இருட்டில் 24 மணி நேரம், சுற்றி எடுத்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 630, 663, 750 நானோமீட்டரில் அளவு. 750-ஐ மற்ற இரண்டிலிருந்தும் கழியுங்கள். குளோரோபில் ஏ = 11.43 × 663-இன் அளவு − 0.64 × 630-இன் அளவு, மி.லி.க்கு மைக்ரோகிராம். பிளாஸ்டிக் கியூவெட் அசிட்டோனில் கரைந்து பால் மாதிரி ஆகிவிடும், கண்ணாடிதான் வேண்டும். எண்ணிக்கை குறையாமல் குளோரோபில் மட்டும் குறைந்தாலும் கண்ணுக்கு வெளுப்பாகத்தான் தெரியும், அதனால்தான் இரண்டும்.

#18 உப்புத்தொட்டி

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரே ஒரு டென்டக்கிளைக் கத்தரித்து ஸ்லைடில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். வெளித்தோல் கண்ணாடி, அதில் கொட்டும் நூல் சுருண்ட சின்னச் சின்னக் கேப்ஸ்யூல். அதற்கு உள்ளே ஒரு வரிசை பழுப்பு உருண்டை, கேழ்வரகு கொட்டினது மாதிரி. கவர்ஸ்லிப்பை மெல்ல அழுத்தினால் பிதுங்கி வெளியே வரும். 12-ஆம் நாள் 32 டிகிரி ஜாடியில் அதே இடத்தைப் பார்த்தால் நடு நடுவே காலி இடம் தெரியும். புகைப்படம் எடுத்து வையுங்கள்.

பாசியே இல்லாத சாமந்தி ஒப்பிட வேண்டும் என்றால் மெந்தால். எத்தனாலில் 20 சதவீதக் கரைசல், லிட்டர் கடல்நீருக்கு 0.15 மி.லி. அது 0.19 மில்லிமோலார் வரும். நாளுக்கு 8 மணி நேரம், தொடர்ந்து 4 நாள், மற்ற நேரம் சுத்தமான தண்ணீர். ஒரு சுற்றில் முழுசாகப் போகாது, சில நாள் விட்டுத் திரும்பச் செய்யுங்கள். பிறகு இருட்டில் வைத்துத் தீனி போட்டால் மாதக்கணக்கில் வெள்ளையாகவே உயிரோடு இருக்கும்.

#19 பாம்பன் காற்று

வெள்ளையாக உயிரோடு இருக்கும் என்றது முக்கியம். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. சதை இருந்தால் தண்ணீருக்குள் ஒரு மினுமினுப்பு இருக்கும், பாலிப் நீட்டி இருக்கும். வாரக்கணக்கில், சில வகைகள் மாதக்கணக்கில் கையிருப்புக் கொழுப்பை வைத்தும் மிதவை உயிர்களைப் பிடித்துத் தின்றும் ஓட்டும். செத்துவிட்டால் சில நாளிலேயே பச்சை, பழுப்பு நூல்பாசி மேலே படர்ந்துவிடும். நத்தை மேய்ந்த தழும்பும் வெள்ளைதான், நோயும் வெள்ளைதான், ஆனால் அவற்றில் வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கும். சூட்டு வெளுப்பு மெல்ல மங்கும்.

ப்ராஜெக்ட்டில் ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள்: ஐப்டேசியாவுக்கு எலும்பு கிடையாது. வெள்ளை எலும்பு வெளிச்சத்தைத் திருப்பி அடித்து மிச்சமிருக்கும் பாசியை இன்னும் வாட்டும், அது சாமந்தியில் நடக்காது. சாமந்தி தீனியை வைத்தே பிழைத்துக்கொள்ளும், அக்ரோபோராவால் அது முடியாது. அதனால் "32-இல் 12 நாள் தாங்கியது" என்ற முடிவை மன்னார் வளைகுடாவுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

#20 கோட்டை அகழி

எல்லோருக்கும் நன்றி. ஆறு டப், 12 ஜாடி, 48 சாமந்தி. 0, 6, 12, 18-ஆம் நாள் எண்ணிக்கை. 0 ஏற்றத்துக்கு முன், 6 என்பது 32-ஐத் தொட்ட அன்று. தீனி 4, 10, 16-ஆம் நாள் போடலாமா?

#21 பாசிப்பிரியன்

கூடாது, அது எண்ணும் நாளுக்குச் சரியாக இரண்டு நாள் முன்பு விழுகிறது, எல்லை மேலேயே நிற்கிறது. 2, 8, 14 என்று வையுங்கள். எல்லா ஜாடிக்கும் ஒரே அளவு, சூட்டு ஜாடியில் சாப்பிடாமல் சுருங்கி இருந்தாலும் அதே அளவு, மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

#22 உப்புத்தொட்டி

ஆர்டீமியாக் குஞ்சோடு முட்டை ஓட்டையும் சேர்த்துக் கொட்டாதீர்கள். காற்றை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் விளக்கை அடியில் காட்டினால் குஞ்சு கீழே வரும், ஓடு மேலே மிதக்கும். பழுப்பு ஓடு ஸ்லைடில் வந்தால் புதுசாக எண்ணுபவர் பாசி என்று நினைத்துவிடுவார், ஆனால் அது இருபது மடங்கு பெரிசு.

முடிந்ததும் மிச்ச சாமந்தியைச் சாக்கடையிலோ ஏரியிலோ விட வேண்டாம். வாளியில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து ஊற்றுங்கள். இந்த இழையிலேயே நிஜமான பிளீச்சிங் அது ஒன்றுதான்.

#23 காட்பாடி ஜங்ஷன்

டப் ஆறு வேணும்னா லாங் பஜார்ல சேத்துக் கேளு தம்பி, தனித்தனியா வாங்காத. மூடியும் கேட்டு வாங்கு, ஆவி கம்மியாப் போவும்.

#24 உப்புத்தொட்டி

டப்புக்கு மூடி சரி. ஜாடிக்கு வேண்டாம், வெளிச்சம் குறையும். டப் மூடியில் ஜாடி வாய் அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்.